‘தரலாம்’ என்றால் தருவதா? சட்ட ஆங்கிலத்தில் ‘மே’யும் ‘ஷல்’லும்

போன வருஷம் நண்பர் ஒருவர் வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொன்னார். ஆவணங்களைத் தமிழாக்கிப் பிழைக்கிறவன் நான். இந்த மாதிரி வேலைகள் அடிக்கடி வரும், பெரும்பாலும் ஒரு காபிக்காக. டைப்பிங் கடையில் முத்திரைத்தாளில் அடித்த, 11 மாதத்துக்கான வழக்கமான ஒப்பந்தம். பெயரையும் கதவு எண்ணையும் மாற்றி மாற்றி எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த அதே வாசகம்.

குடியிருப்பவர் செய்ய வேண்டியதெல்லாம் அதில் ‘ஷல்’, அதாவது செய்தே ஆக வேண்டும். 5ஆம் தேதிக்குள் வாடகை கொடுப்பது ‘ஷல்’. கரண்ட் பில் கட்டுவது ‘ஷல்’. சுவரில் ஆணி அடிப்பது ‘ஷல் நாட்’. வீட்டுக்காரர் செய்ய வேண்டியதாக மொத்த ஒப்பந்தத்திலும் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது: காலி செய்த 30 நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது. அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘மே’. ‘தி ஓனர் மே ரீஃபண்ட்’.

“தரலாம்னு போட்டிருக்கு” என்றேன்.

“தரலாம்னா?”

“தராமலும் இருக்கலாம்.”

நண்பர் அங்கேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் நல்ல மனிதர்தான். “அட, ‘மே’ன்னா தருவேன்னுதாங்க அர்த்தம். இங்கிலீஷ்ல மரியாதையா அப்படித்தான் எழுதுவாங்க” என்றார். “அப்ப ‘ஷல்’னே போட்டுடலாமேங்க?” என்று நண்பர் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே உரையாடல், ஏறக்குறைய இதே சொற்களில், 1963ஆம் வருஷம் டெல்லியில் நடந்திருக்கிறது. அங்கே பேசப்பட்டது ஒரு வீட்டின் அட்வான்ஸ் இல்லை, இந்திய அரசாங்கத்தில் ஆங்கிலத்தின் கதி. அதற்குப் போவதற்கு முன்னால் இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

‘ஷல்’ என்பது பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருப்பதைச் சொல்லும் வினை. ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் இன்றும் வழங்கும் ‘ஷுல்ட்’ இதற்கு உறவு. தமிழனுக்கு இது புதிதாக இருக்காது. நமக்கும் கடனும் கடமையும் ஒரே வேரில் முளைத்தவை. பழந்தமிழில் கடன் என்றாலே கடமைதான். ‘மே’யின் வேரோ வலிமை. முடிகிறவன், ஆற்றல் உள்ளவன் என்பது அதன் பழைய பொருள். வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ அதே குடும்பம். ஆக, ‘ஷல்’ போட்ட இடத்தில் நிற்பவன் கடன்காரன், ‘மே’ போட்ட இடத்தில் நிற்பவன் கை ஓங்கியவன். டைப்பிங் கடை ஒப்பந்தத்தில் யாருக்கு எது கிடைத்தது என்பதைத் திரும்பிப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த ‘ஷல்’ வேறு. ‘ஐ’க்கும் ‘வீ’க்கும் ‘ஷல்’, மற்றதற்கெல்லாம் ‘வில்’ என்று உருப்போட வைத்தார்கள். 1653இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இந்த விதி இருக்கிறது. தன்னிலையில் ‘ஷல்’ வெறும் எதிர்காலம், ‘வில்’ உறுதியோ மிரட்டலோ. முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ். தண்ணீரில் விழுந்தவன் ‘ஷல்’லையும் ‘வில்’லையும் மாற்றிப் போட்டுக் கத்தியதால், ‘நான் மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது’ என்று பொருள் ஆகி, கரையில் நின்றவர்கள் மரியாதையாக விலகிப் போனார்கள் என்று பழைய இலக்கண வாத்தியார்கள் ஒரு கதை சொல்வார்கள். இன்றைக்குப் பேச்சு ஆங்கிலத்தில் அந்த விதி கிட்டத்தட்டச் செத்துவிட்டது. ‘ஷல்’ இன்னும் சௌகரியமாகக் குடியிருப்பது சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அரசாணையிலும்தான்.

அங்கேயாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், இல்லை. இந்திய அரசமைப்பின் முதல் உறுப்பே ‘இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும்’ என்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷல் பி’. யார் யாருக்கு இங்கே கட்டளை இடுகிறார்கள்? யாரும் இல்லை. இது பிரகடனம். கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவில் ‘ஷல் பி பனிஷ்டு’ என்று வரும்போது கட்டளை போவது குற்றவாளிக்கா, நீதிபதிக்கா என்று யோசித்தால் விடை நீதிபதிதான், ஆனால் வாக்கியத்தில் அவரைக் காணோம். ‘ஷல் பி என்டைட்டில்டு’ என்றால் கடமை போய் உரிமை வந்துவிடும். உச்சம் ‘இட் ஷல் பி லாஃபுல்’ என்ற பழைய பிரிட்டிஷ் தொடர். உடம்பு முழுக்க ‘ஷல்’, உயிர் ‘மே’: இதைச் செய்தால் சட்டப்படி செல்லும், செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

அந்தத் தொடரை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆயருக்கு உட்பட்ட ஒரு திருச்சபையில், பாதிரியார் வழிபாட்டு முறையை மீறுகிறார் என்று ஜூலியஸ் என்பவர் புகார் கொடுத்தார். விசாரணைக் குழு அமைப்பது ஆயருக்கு ‘ஷல் பி லாஃபுல்’ என்றது 1840ஆம் வருஷத்துச் சட்டம். ஆயர் அமைக்க மாட்டேன் என்றார். 1880இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: இது அதிகாரம் கொடுக்கும் சொல், கட்டளை இல்லை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. யாருடைய நன்மைக்காக அதிகாரம் கொடுக்கப்பட்டதோ, அவர் வந்து கேட்கும்போது அந்த அதிகாரத்தோடு கடமையும் ஒட்டிக்கொண்டு வரலாம் என்றும் சொல்லி வைத்தது. அந்த ஒரு வாசலைத்தான் இன்று வரைக்கும் வக்கீல்கள் பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படித்தால் தலை சுற்றும். 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கு. அரசு ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்திடம் ‘ஷல் பி கன்சல்டட்’ என்று அரசமைப்பின் 320ஆம் உறுப்பு சொல்கிறது. கலந்து ஆலோசிக்காவிட்டால் நடவடிக்கை செல்லாதா? செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த ‘ஷல்’ வழிகாட்டும் ‘ஷல்’, கட்டாய ‘ஷல்’ இல்லை என்றது. 1963இல் ஜோகேந்திர சிங் வழக்கு. உத்தரப் பிரதேச விதி ஒன்று, அரசிதழ் அலுவலர் (கெஜடட் ஆபீசர்) கேட்டுக்கொண்டால் அவர் வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம், ‘மே’, என்றது. ஆளுநர் அனுப்பாமல் இருக்கலாமா? கூடாது என்றது அதே நீதிமன்றம். இடத்தைப் பார்த்தால் இங்கே ‘மே’ என்பது ‘மஸ்ட்’. ஒரு வழக்கில் ‘ஷல்’ இளகுகிறது, இன்னொன்றில் ‘மே’ இறுகுகிறது. சொல் மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. அந்தச் சட்டம் எதற்காக வந்தது, மீறினால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறதா, யார் பாதிக்கப்படுவார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் நீதிமன்றம் சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என்ன, அதைத் தெரிந்துகொள்ள உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டும்.

அலுவலக ஆங்கிலம் இதில் தன் பங்குக்கு ஒரு குழப்பத்தைச் சேர்த்தது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கோப்பில் ‘ஷல் அப்ரூவ்’ என்று எழுத முடியுமா? ‘மே கைண்ட்லி பி அப்ரூவ்டு’ என்றுதான் எழுத வேண்டும். தமிழ்க் கோப்பிலும் ‘ஒப்புதல் அளிக்கலாம்’ என்றுதான் குறிப்பு போகும். அதற்குப் பொருள், தயவுசெய்து அளியுங்கள். மேலே இருப்பவர் கீழே எழுதும்போதும் ‘யூ மே ரிப்போர்ட் ஆன் மண்டே’ என்பார். நம்பித் திங்கட்கிழமை வீட்டில் இருந்துவிட முடியாது. ஒரே ‘மே’, மேலே போகும்போது கெஞ்சல், கீழே வரும்போது ஆணை. வீட்டுக்காரர் சொன்ன ‘மரியாதை’ இதுதான். அவர் பொய் சொல்லவில்லை.

சரி, 1963க்கு வருவோம்.

அரசமைப்பின் 343ஆம் உறுப்பு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் இந்தி என்கிறது. கூடவே, அரசமைப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து 15 வருஷத்துக்கு ஆங்கிலம் தொடரும் என்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தின் வினையைக் கவனிக்க வேண்டும்: ‘ஷல் கன்டினியூ டு பி யூஸ்டு’. தொடர்ந்து பயன்படுத்தப்படும், அதில் யாருக்கும் தேர்வு இல்லை. 15 வருஷம் முடிகிற நாள் 1965 ஜனவரி 26. அதற்குப் பிறகும் ஆங்கிலம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்று அதே உறுப்பின் மூன்றாவது பகுதி இடம் கொடுத்தது. அந்த இடத்தில் பிறந்ததுதான் 1963ஆம் வருஷத்து ஆட்சிமொழிகள் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு சொன்னது: 15 வருஷம் முடிந்தாலும், இந்தியோடு கூட ஆங்கிலம் ‘மே கன்டினியூ டு பி யூஸ்டு’.

அரசமைப்பில் இருந்த அதே தொடர். முன்னால் நிற்கும் ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது.

இதைப் பிடித்துக்கொண்டது திமுக. காஞ்சிபுரத்தில் 1962இல் தோற்று மாநிலங்களவைக்குப் போயிருந்த அண்ணா எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். ‘மே’ என்றால் ‘மே நாட்’டும் அதற்குள்ளேயே இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். பிரதமர் நேரு பதில் சொன்னார்: இந்த இடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்றே பொருள். திமுக திருப்பிக் கேட்டது: அப்படியானால் ‘ஷல்’ என்றே எழுதிவிட வேண்டியதுதானே? 1963 ஏப்ரலில் மசோதா அந்தச் சொல் மாறாமலே நிறைவேறியது.

நேரு ஏமாற்றினார் என்று இதைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் வரைகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ‘மே’க்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1965 ஜனவரி 26 அன்று ஆங்கிலத்துக்குக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்று அரசமைப்பு வைத்திருந்தது. சாத்தும் கதவைத் திறந்து வைப்பதுதான் இந்தச் சட்டத்தின் வேலை. திறக்கிற சொல் ‘மே’தான். ஆட்சிமொழி இந்தி என்று அரசமைப்பே சொல்லியிருக்கும்போது, கூடுதலாக வரும் மொழிக்கு ‘ஷல்’ போட்டால் இந்தி மட்டும் எழுதிய ஒவ்வொரு காகிதமும் சட்டமீறல் ஆகிவிடுமே என்று வரைவாளர் யோசித்திருக்கவும் இடமுண்டு. நேரு தனிப்பட்ட முறையில் உறுதி கொடுக்கத் தயங்கியவரும் இல்லை. இந்தி பேசாதவர்கள் விரும்பும் வரைக்கும் ஆங்கிலம் இருக்கும், அதை முடிவு செய்கிறவர்களும் அவர்களே என்று 1959 ஆகஸ்டிலேயே மக்களவையில் சொல்லியிருந்தார்.

ஆனால் நாற்காலியை மாற்றிப் போட்டுக் குடியிருப்பவர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் நிலைமை வேறு. ‘மே’ ஓர் அலுவலகத்துக்கு அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதியைப் பயன்படுத்தாத அலுவலகம் எந்தச் சட்டத்தையும் மீறியதாகாது. நாளை ஓர் அமைச்சகம் ‘இனி ஆங்கிலத்தில் எழுதப் போவதில்லை’ என்று முடிவெடுத்தால், எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போடுவது? பிரதமரின் பேச்சைக் காட்டலாமா? அதுவும் முடியாது. அந்தக் காலத்து விதிப்படி, சட்டத்துக்குப் பொருள் காண நாடாளுமன்றப் பேச்சை நீதிமன்றம் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தவே 1992ஆம் வருஷத்துப் பெப்பர் வழக்கு வரைக்கும் ஆயிற்று. இந்திய உச்ச நீதிமன்றமும் 1950களில் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆக நேரு ‘மே என்றால் ஷல்’ என்று சொன்னது நாடாளுமன்றக் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கும், தேவைப்படும் நாளில் நீதிமன்றத்துக்குள் நுழையாது. போனில் வீட்டுக்காரர் சொன்ன உறுதிமொழி மாதிரிதான்.

இன்னொன்று, ‘மே’யோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான்காம் பிரிவு. பத்து வருஷம் கழித்து 30 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்று அமைத்து, இந்தி எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறது அது. ஆங்கிலத்துக்கு ‘லாம்’, இந்தியின் முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு குழு. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மே’க்கு நாம் போடும் ‘லாம்’ அதைவிடவும் வழுக்கல். ‘நாளைக்கு மழை வரலாம்’ என்பது ஊகம். ‘நீங்கள் போகலாம்’ என்பது அனுமதி, சில சமயம் வெளியே போகச் சொல்லும் உத்தரவு. ‘வாங்க, சாப்பிடலாம்’ அழைப்பு. ஆனால் எதிர்மறையில் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கறார். ‘மே நாட்’ என்று ஆங்கிலம் எழுதினால், செய்யாமல் போக வாய்ப்பிருக்கிறதா, செய்வதே தடையா என்று அந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தமிழில் ‘தொடராமலும் இருக்கலாம்’ வேறு, ‘தொடரக் கூடாது’ வேறு, பழைய நடையில் ‘தொடரலாகாது’ என்றும் ஒன்று உண்டு. மேடையில் தமிழ் பேசிப் பழகிய கட்சிக்காரர்களுக்கு ‘மே’யைக் கேட்டவுடன் ‘தொடராமலும் இருக்கலாம்’ மனதில் ஓடியதில் வியப்பில்லை. சட்டத் தமிழில் ‘ஷல்’லுக்கு ‘செய்தல் வேண்டும்’ என்று போடுவது வழக்கம். அதிலும் ஒரு சிக்கல், ‘வேண்டும்’ ஆசையையும் சொல்லும். ‘எனக்குக் காபி வேண்டும்’ என்பது சட்டம் இல்லை.

பிறகு நடந்தது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். அதே வருஷம் மே மாதம் (இது மாதம்தான்) நேரு காலமானார். 1965 ஜனவரியில் மாணவர் போராட்டம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகினார்கள். அன்றே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழிகள் காப்பாற்றப்படும் என்றார். 1967 தேர்தலில் திமுக ஆட்சிக்கு வந்தது. அந்த வருஷக் கடைசியில் இந்திரா காந்தி அரசு சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரி 8 அன்று திருத்தம் ஒப்புதல் பெற்றது.

‘மே’யை எடுத்துவிட்டு ‘ஷல்’ போட்டார்கள் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். மேடையில் சொல்வதற்கும் அது வசதி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சட்டத்தை எடுத்துப் படிக்கும் வரைக்கும். மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் இன்று வரைக்கும் இருப்பது ‘மே’தான். 1963இல் எழுதிய அதே வாக்கியம், ஒரு சொல் மாறாமல் அங்கேயே இருக்கிறது.

அப்படியானால் எதைத் திருத்தினார்கள்? அந்த ‘மே’யைச் சுற்றி ‘ஷல்’களை நட்டார்கள். முதலில், வாக்கியத்தின் காலடியில் ஒரு நிபந்தனை: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் கடிதப் போக்குவரத்து வைத்தால் ஆங்கிலம் ‘ஷல் பி யூஸ்டு’. அடுத்து, இந்தி மாநிலம் ஒன்று இந்தியை ஏற்காத மாநிலத்துக்கு இந்தியில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே போக வேண்டும். தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள், உரிமங்கள், டெண்டர் படிவங்கள் எல்லாம் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் ‘ஷல்’. மத்திய அரசின் ஆணைகளும் அறிவிக்கைகளும் இரண்டு மொழியில் வருவது இந்த மூன்றாம் உட்பிரிவால்தான்.

பூட்டு ஐந்தாம் உட்பிரிவில் இருக்கிறது. ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமானால், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் அதற்குத் தீர்மானம் போட வேண்டும். எல்லாமும், பெரும்பான்மை போதாது. அதற்குப் பிறகு அந்தத் தீர்மானங்களைப் பரிசீலித்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் போட வேண்டும். அது வரைக்கும் இந்த ஏற்பாடுகள் ‘ஷல் ரிமைன் இன் ஃபோர்ஸ்’. ஏதாவது ஒரு மாநிலம் சும்மா இருந்தாலே போதும், ஆங்கிலம் நிற்கும். 1959இல் நேரு வாயால் சொன்னதன் எழுத்து வடிவம் இது என்று சொல்லலாம்.

கூர்ந்து படித்தால் இதிலும் ஒரு சந்து உண்டு. முதல் உட்பிரிவுக்கு இரண்டு கிளைகள்: ஒன்று ஒன்றியத்தின் அலுவல்கள், மற்றது நாடாளுமன்ற நடவடிக்கைகள். ஐந்தாம் உட்பிரிவு பெயர் சொல்லிப் பூட்டுவது முதல் கிளையை மட்டும். நாடாளுமன்றத்துக்குள் ஆங்கிலம் பேசும் கிளைக்கு இன்றும் வெறும் ‘மே’தான் காவல். இதைப் பற்றி யாரும் போராடியதாகத் தெரியவில்லை.

இன்னொரு ‘ஷல்’லும் சொல்லத் தக்கது. 1976இல் இந்தச் சட்டத்தின் கீழ் ஆட்சிமொழி விதிகள் வந்தன. எங்கெல்லாம் செல்லும் என்று முதல் விதியே சொல்கிறது: தமிழ்நாடு மாநிலம் நீங்கலாக இந்தியா முழுமைக்கும் ‘ஷல் எக்ஸ்டெண்ட்’.

வெளிநாடுகளில் வரைவாளர்கள் ‘ஷல்’லோடு சண்டை போட்டு அலுத்து, அதையே தலைமுழுகத் தொடங்கிவிட்டார்கள். தென்னாப்பிரிக்கா 1996இல் இயற்றிய அரசமைப்பில் கடமைக்கு ‘மஸ்ட்’. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் திருத்தி எழுதியபோது, பல பொருள் தரும் சொல் என்று காரணம் சொல்லியே ‘ஷல்’லை விலக்கினார்கள். ஒவ்வோர் இடத்திலும் அது ‘மஸ்ட்’டா, ‘மே’யா, ‘ஷுட்’டா என்று உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. இணையத்தின் தொழில்நுட்பத் தரங்களை எழுதுகிறவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். 1997இல் ஒரு சின்ன ஆவணம் போட்டு, ‘மஸ்ட்’டும் ‘ஷல்’லும் ஒன்று, ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் மட்டும் மீறலாம், ‘மே’ என்றால் முழுக்க உங்கள் விருப்பம் என்று அகராதியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு மரியாதை ‘மே’ புரியாது. இந்தியச் சட்டங்கள் இன்னும் ‘ஷல்’லை விடவில்லை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களிலும் பழையபடி ‘ஷல் பி பனிஷ்டு’தான்.

1968இல் நட்ட ‘ஷல்’களுக்குச் சோதனை வராமல் இல்லை. துணை ராணுவப் பணித் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் வேண்டும் என்று மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் 2020இல் ஆங்கிலத்தில் கடிதம் எழுத, உள்துறை இணை அமைச்சரிடமிருந்து பதில் இந்தியில் வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போயிற்று. 2021 ஆகஸ்டில் நீதிபதிகள், ஆங்கிலத்தில் வந்த கடிதத்துக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும், ஆட்சிமொழிகள் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்றார்கள். வழக்கு போடுவதற்குக் கையில் ஏதோ எழுத்தில் இருந்தது.

நண்பரின் ஒப்பந்தத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் அந்த ‘மே’யை மாற்றச் சம்மதிக்கவில்லை. தன் நாணயத்தைச் சந்தேகப்படுவது மாதிரி இருக்கிறது என்று வருத்தப்பட்டார். நண்பரும் வற்புறுத்தவில்லை. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்று பதில் வந்தது. டைப்பிங் கடையில் அந்தப் பக்கத்தை மறுபடி அடித்து வாங்கினோம். சேர்த்த வரி இதுதான்: அட்வான்ஸ் தொகை முழுவதும் கைக்கு வரும் வரை, சாவியை ஒப்படைக்கும்படி குடியிருப்பவரிடம் கேட்கப்பட ‘ஷல் நாட்’.